மயிலை மேற்றிராசனம் – 6: ஒரே பட்டணம், இரண்டு மேற்றிராணியார்

1900ஆம் ஆண்டில் டாக்காவை அடுத்த நாகரி என்னும் ஊரில் ஒரு வங்காளிக் கிறிஸ்தவக் குடியானவர் தம் பிள்ளைக்கு உறுதிபூசுதல் வாங்கித் தர நினைத்தால், அதற்கு அதிகாரம் பெற்ற மேற்றிராணியார் இருந்த இடம் மயிலாப்பூர். நடுவில் வங்கக்கடல், நேர்க்கோட்டில் அளந்தாலே ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதே ஆண்டில் சென்னை ஆர்மீனியன் தெருவில் குடியிருந்த ஒரு கத்தோலிக்கக் குமாஸ்தாவுக்கு மயிலாப்பூர் மேற்றிராணியார் யாரோ ஒருவர். சாந்தோம் அவர் வீட்டிலிருந்து ஆறேழு கிலோமீட்டர்தான். ஆனாலும் அவருக்கு உரிய பேராயர் அவருடைய தெருவிலேயே இருந்தார்.

இது எப்படி நேர்ந்தது என்பதுதான் இந்த வாரத்துக் கதை. மயிலை மேற்றிராசனத்துக்குத் தேசப்படத்தில் ஒரு வண்ணம் தீட்டிவிட முடியாது. அதன் எல்லை ஆற்றையோ மலையையோ பிடித்துக்கொண்டு போகவில்லை. எந்தக் கோவிலை யார் கட்டினார்கள், தாத்தாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த சாமியார் எந்த மன்னர் அனுப்பியவர் என்பதைப் பொறுத்துக் கோவில் கோவிலாக, குடும்பம் குடும்பமாக அது வளைந்து நெளிந்து போயிற்று.

போன இதழில் 1606ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதியோடு நிறுத்தியிருந்தோம். அன்றுதான் திருத்தந்தை ஐந்தாம் பவுல் கொச்சி மேற்றிராசனத்திலிருந்து பிரித்து 'மெலியாப்பூரின் புனித தோமா' மேற்றிராசனத்தை ஏற்படுத்தினார். முதல் மேற்றிராணியார் அகுஸ்தினார் சபையைச் சேர்ந்த செபஸ்தியான் தெ சான் பெத்ரோ. சோழமண்டலக் கரை, ஒரிசா, வங்காளம், அதற்கும் அப்பால் பர்மாவின் பெகு வரை எல்லாம் அவர் ஆளுகை. அப்போதைய சாந்தோமோ கடலோரத்தில் போர்த்துக்கீசியர் குடியேறியிருந்த சின்னஞ்சிறு துறை. அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை அங்கே இருக்கிறது என்ற நம்பிக்கை ஒன்றே அந்த ஊருக்கு அவ்வளவு பெரிய நிலப்பரப்பைத் தந்தது. 1545இல் பிரான்சிஸ் சவேரியார் சில மாதங்கள் இந்தக் கல்லறையருகே தங்கி ஜெபித்தது அந்த நம்பிக்கையால்தான். ராபர்ட் தெ நோபிலியும் தம் கடைசிக் காலத்தை மயிலாப்பூரில் கழித்து 1656இல் இங்கேயே இறந்தார்.

'பதுரவாதோ' என்ற ஏற்பாட்டை மறுபடி சுருக்கமாக நினைவூட்டிவிடுகிறேன். இனி வரும் எல்லாச் சண்டைக்கும் வேர் அதில் இருக்கிறது. கீழ்த்திசை நாடுகளில் கோவில் கட்டுவது, குருக்களை அனுப்புவது, மேற்றிராணியாருக்குச் சம்பளம் கொடுப்பது எல்லாம் போர்த்துக்கல் மன்னர் பொறுப்பு. பதிலுக்கு, மேற்றிராணியார் யார் என்று பெயர் சொல்லும் உரிமை மன்னருக்கு. திருத்தந்தை உறுதி மட்டும் செய்வார். மன்னர் கையில் கப்பலும் காசும் இருந்தவரை இந்த ஏற்பாடு ஓடிற்று. 1640இல் போர்த்துக்கல் ஸ்பெயினிடமிருந்து பிரிந்தபோது, புதிய மன்னரை ரோமாபுரி பல ஆண்டுகள் ஏற்றுக்கொள்ளவில்லை. மன்னரை ஏற்காதபோது அவர் சொன்ன பெயரை எப்படி ஏற்பது? மேற்றிராணியார் பீடங்கள் ஒவ்வொன்றாகக் காலியாகின. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் மயிலாப்பூருக்கு மேற்றிராணியாரே இல்லை. இவ்வளவு பெரிய மேற்றிராசனம் இவ்வளவு நீண்ட காலம் தலையில்லாமல் கிடந்ததைத்தான் பிற்காலச் சிக்கல்கள் அனைத்துக்கும் முதற்காரணமாக நான் கருதுகிறேன்.

அந்த இடைவெளிக்குள்தான் இன்னொரு அதிகாரம் நுழைந்தது. மன்னர்களை நம்பாமல் ரோமாபுரியே நேரடியாக மிஷனரிகளை அனுப்ப 1622இல் 'புரொப்பகாந்தா' என்ற திருச்சபைத் துறை ஏற்படுத்தப்பட்டிருந்தது. 1642இல் அதன் ஆணையோடு பெகுவுக்குப் போகும் வழியில் எஃப்ரேம் தெ நெவேர் என்ற பிரெஞ்சுக் கப்புச்சின் துறவி சென்னையில் இறங்கினார். அப்போது புனித ஜார்ஜ் கோட்டைக்கு வயது மூன்றுகூட ஆகவில்லை. கோட்டைக்குள் குடியேறிக்கொண்டிருந்த கத்தோலிக்கர்களுக்குப் பூசை வைக்க ஆள் வேண்டும்; ஆனால் சாந்தோம் போர்த்துக்கீசியரின் ஆள் வேண்டாம் என்பது ஆங்கிலக் கம்பெனியின் கணக்கு. எஃப்ரேம் சாமியாரை இங்கேயே இருக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டார்கள். அவர் பெகுவுக்குப் போகவே இல்லை. அந்த ஆண்டிலேயே சென்னை கப்புச்சின்களின் தனி மிஷனாக அறிவிக்கப்பட்டது. ஆர்மீனியன் தெருவில் இன்றும் இருக்கும் தேவதைகளின் மாதா கோவிலின் வாசலில் 1642 என்று பொறித்திருப்பது இந்த வருகையைக் குறித்துத்தான். இப்போதுள்ள கட்டடம் அதற்கு நூறாண்டுக்கு மேல் பிந்தியது.

சாந்தோம் இதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. தன் மேற்றிராசனத்தின் நடுவே, தன் அனுமதி இல்லாமல் ஒரு பிரெஞ்சுக்காரர், அதுவும் மதவிரோதிகள் என்று தான் எண்ணிய ஆங்கிலேயரின் நிழலில் இருந்துகொண்டு சபை நடத்துவதா? 1649இல் எஃப்ரேமைச் சாந்தோமுக்கு வரவழைத்துப் பிடித்துக் கோவாவின் மதவிசாரணை மன்றத்துக்கு அனுப்பிவிட்டார்கள். கம்பெனி மறுப்புத் தெரிவித்தது. கோல்கொண்டா சுல்தானின் தரப்பிலிருந்தும் நெருக்குதல் வந்தது. சுமார் இரண்டு ஆண்டு சிறைவாசத்துக்குப் பிறகு விடுதலையாகிச் சென்னைக்குத் திரும்பி, பழைய வேலையையே தொடர்ந்தார். ஒரு கத்தோலிக்கத் துறவியைக் கத்தோலிக்கரே பிடித்து அடைக்க, ஒரு புராட்டஸ்டன்ட் கம்பெனியும் ஒரு முஸ்லிம் அரசும் அவரை மீட்கப் பேசின. எல்லைத் தகராறு எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சென்னை அன்றே பார்த்துவிட்டது.

அடுத்த நூறாண்டை விரைந்து கடப்போம். 1662இல் கோல்கொண்டா சாந்தோமைப் பிடித்தது. 1672இல் பிரெஞ்சுக்காரர் பிடித்து, 1674இல் டச்சுக்காரரிடமும் கோல்கொண்டாவிடமும் இழந்தார்கள். கோட்டைச் சுவர்கள் இடிந்தன. குடியிருந்தவர்களில் பலர் வடக்கே கம்பெனியின் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே அவர்களை வரவேற்றவர்கள் கப்புச்சின்கள். மயிலாப்பூரின் ஆடுகள் இப்படிக் கூட்டம் கூட்டமாக வேறு தொழுவத்துக்குள் போயின. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்றிராணியாரான பிரான்சிஸ்கோ லைனெஸ், மதுரை மிஷனில் அருளானந்தரின் தோழராக உழைத்த சேசு சபையினர். அவர் தம் மேற்றிராசனத்தைப் பார்வையிட வங்காளம் வரை போய், 1715இல் சந்திரநாகூரில் இறந்தார். எல்லையின் அகலத்தைத் தம் காலாலும் உயிராலும் அளந்தவர் என்று அவரைத்தான் சொல்ல வேண்டும்.

1749இல் ஆங்கிலத் தளபதி பாஸ்கவன் சாந்தோமில் கொடியேற்றினார். அதோடு சாந்தோம் ஆங்கிலேயரின் சென்னையில் சேர்ந்துவிட்டது. இந்த ஆண்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1749க்குப் பிறகு போர்த்துக்கல்லுக்கு இந்தக் கடற்கரையில் ஒரு பிடி மண்ணும் சொந்தமில்லை. ஆனால் மயிலாப்பூர் மேற்றிராணியார் யார் என்பதில் லிஸ்பனின் வார்த்தை அதற்குப் பின்னும் இருநூறு ஆண்டுகள் செல்லுபடியாயிற்று.

கப்புச்சின்களுக்கும் அந்த ஆண்டுகள் நல்லவையாக இல்லை. 1746 முதல் மூன்று ஆண்டுகள் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது கப்புச்சின்கள் அவர்களுக்கு உளவு சொன்னார்கள் என்று கம்பெனி சந்தேகப்பட்டது. கோட்டைக்குள் இருந்த அவர்களுடைய கோவில் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. வேப்பேரியில் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் கட்டிய சிற்றாலயம் லுத்தரன் மிஷனரிகளுக்குப் போயிற்று. சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தையும், பரங்கிமலைக்குப் படிகளையும் தம் பணத்தில் கட்டித் தந்த அதே உஸ்கான்தான் இவர்.

சிக்கல் முற்றியது 19ஆம் நூற்றாண்டில். 1832இல் ரோமாபுரி சென்னையை ஒரு தனி அப்போஸ்தலிக்க விகாரியாத்து ஆக்கியது. அதாவது திருத்தந்தையின் நேர்ப் பிரதிநிதியான ஓர் ஆயரின் ஆளுகை. அயர்லாந்துக்காரரான டேனியல் ஓகானர் 1835இல் வந்து சேர்ந்தார். கல்கத்தாவுக்கு 1834இலும் புதுச்சேரிக்கு 1836இலும் இதே ஏற்பாடு. மூன்றும் பழைய மயிலை மேற்றிராசனத்தின் உடலிலிருந்து அறுத்தெடுத்தவை. அதே வேளையில் போர்த்துக்கல்லில் ஆட்சிக்கு வந்த லிபரல் அரசு 1834இல் துறவற சபைகளையெல்லாம் கலைத்தது. ரோமாபுரியோடு உறவும் முறிந்தது. மிஷன்களைப் பேணும் கடமையைக் கைவிட்ட மன்னர், உரிமையை மட்டும் விடமாட்டேன் என்றார். இந்த நிலையில் திருத்தந்தை பதினாறாம் கிரகோரி 1838 ஏப்ரல் 24ஆம் தேதி 'முல்த்தா பிரெக்ளாரே' என்ற ஆணையை வெளியிட்டார். கொச்சி, கிராங்கனூர், மயிலாப்பூர் மூன்றிலும் பதுரவாதோ அதிகாரம் முடிந்தது. மயிலாப்பூரின் பகுதி சென்னை விகாரியாத்தின் கீழ் வரும்.

தாள் அளவில் மயிலை மேற்றிராசனம் அன்றோடு தீர்ந்தது. தரையில் தீரவில்லை. போர்த்துக்கல் அரசின் ஒப்புதல் முத்திரை இல்லாத ஆணை செல்லாது என்று சாந்தோமில் இருந்த குருக்கள் சொன்னார்கள். கோவாவிலிருந்து புதிய குருக்கள் வந்துகொண்டே இருந்தார்கள். 1844இல் கோவாவுக்கு வந்த பேராயர் சில்வா தோரெஸ் நூற்றுக்கணக்கானவர்களை அவசரம் அவசரமாகக் குருக்களாக்கினார். அவர்களில் பலர் தகராறு நடந்த பகுதிகளுக்குப் போனார்கள். மற்றத் தரப்பார் இதைக் 'கோவாப் பிளவு' என்றார்கள். கோவாத் தரப்பாரோ தாங்களே பூர்வீகச் சபை, அயர்லாந்துக்காரரும் பிரெஞ்சுக்காரரும் நேற்று வந்தவர்கள் என்றார்கள். வரலாற்று ஏடுகளில் இரு தரப்பு மேற்றிராணியார்களின் கடிதங்கள் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. ஒவ்வொரு கடிதத்திலும் சட்டநுணுக்கம் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குள் வாழ வேண்டியிருந்த செம்படவரும் சமையல்காரரும் படகோட்டியும் மிக அபூர்வமாகவே வருகிறார்கள்.

அவர்களுக்கு என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஒரு சாமியார் வைத்த பூசை பாவம் என்று இன்னொரு சாமியார் பிரசங்கத்தில் சொல்கிறார். ஒருவர் கட்டிவைத்த கல்யாணம் செல்லாது என்று மற்றவர் சொல்கிறார். சாகக்கிடக்கும் கிழவிக்கு அவஸ்தைபூசுதல் கொடுக்க யாரைக் கூப்பிடுவது என்று பிள்ளைகள் வாசலில் நின்று வாதாடுகிறார்கள். தெற்கே முத்துக்குளித்துறையிலும் தஞ்சைச் சீமையிலும் இதோடு சாதி வழக்கும் சேர்ந்துகொண்டது. கோவிலில் உட்காரும் இடம், தேர்வடம் பிடிக்கும் உரிமை, திருநாள் மரியாதை ஆகியவற்றில் ஒரு குரு தங்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லாவிட்டால், ஊரில் ஒரு பகுதியினர் மறு அதிகாரத்துக்கு மாறிவிடுவார்கள். அந்தப் பக்கத்திலிருந்தும் ஆர்வத்தோடு வரவேற்பு கிடைக்கும். மக்களை இழக்கக் கூடாதென்று இரு தரப்பும் சாதிப் பெருமைக்கு இடம் கொடுத்ததைத்தான் இந்த நூறாண்டுச் சண்டையின் மிகக் கெட்ட விளைவாக நான் பார்க்கிறேன். ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள் நியாயம் கேட்டுப் போகக்கூடிய ஒற்றை வாசல் இல்லாமற் போயிற்று.

சொத்தும் இதில் கலந்திருந்தது. ஜான் டி மான்ட்டி என்ற போர்த்துக்கீசிய வணிகர் 1821இல் இறந்தபோது தம் செல்வத்தைத் திருச்சபைக்கு எழுதிவைத்தார். ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரால் வழங்கும் காலனியைச் சினிமா வழியாக இன்றைய இளைஞர்கள் அறிவார்கள்; கோவளம் கடற்கரைக் கோவிலிலும் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. இப்படி வந்த நிலமும் வீடும் வாடகையும் எந்த மேற்றிராணியாரின் கையில் இருக்கும் என்பது, ஞான அதிகாரம் யாருடையது என்ற கேள்வியோடு ஒட்டியே இருந்தது. இரு தரப்பும் விட்டுக்கொடுக்காததற்கு விசுவாசம் மட்டும் காரணமல்ல.

வேறுபட்ட மிஷன்களின் எல்லையைச் சீர்படுத்த வழி தேடி, புதுச்சேரி ஆயர் போனாந்தை இந்தியா முழுவதும் சுற்றிப் பார்க்க ரோமாபுரி அனுப்பியது. அவர் வேலையை முடிக்காமலே 1861இல் காசியில் இறந்தார். அதற்கு முன் 1857இல் போர்த்துக்கல்லோடு செய்த உடன்படிக்கையும் பாதியில் நின்றது. இருபது, முப்பது ஆண்டுகள் இப்படியே போயின.

கடைசியில் 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் ஒரு தீர்வுக்கு வந்தார். இந்தியாவில் முறையான மறைமாவட்டங்களை அமைக்க வேண்டுமானால் போர்த்துக்கல்லோடு பேசாமல் முடியாது. ஜூன் 23ஆம் தேதி உடன்படிக்கை. செப்டம்பர் 1ஆம் தேதி இந்தியாவுக்கென்று ஆயர் ஆட்சியமைப்பு. சென்னை விகாரியாத்து உயர்மறைமாவட்டமாயிற்று; ஜோசப் கோல்கன் அதன் முதல் பேராயர். போர்த்துக்கல்லின் பங்குக்கோ கோவா, கொச்சி, தாமன், மயிலாப்பூர் நான்கும் வந்தன. அரை நூற்றாண்டுக்கு முன் ரத்து செய்த மயிலை மேற்றிராசனம் உயிர்பெற்று எழுந்தது. ஹென்ரிக் ஜோசே ரீட் டா சில்வா மேற்றிராணியாரானார்.

இந்த உயிர்த்தெழுந்த மேற்றிராசனத்தின் வடிவம்தான் விசித்திரம். சாந்தோமைச் சுற்றி ஒரு சிறு துண்டு. அங்கிருந்து தெற்கே புதுச்சேரி மிஷனைத் தாண்டி, காவிரிப் படுகையில் தஞ்சாவூர், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று இன்னொரு துண்டு. இவை போக, மற்ற ஆயர்களின் எல்லைக்குள் சிதறிக் கிடந்த கோவில்கள்: மதுரை மிஷனுக்குள்ளே சில, கல்கத்தாவில் பைட்டகானாக் கோவில், ஹூக்ளிக் கரையில் பாண்டல், டாக்காவைச் சுற்றி நாகரி, தேஜ்காவ் முதலியன. முதல் பத்தியில் கண்ட குடியானவர் மயிலாப்பூர்க்காரரானது இப்படித்தான். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசிய அகுஸ்தினார் எந்தெந்த ஊரில் கோவில் எழுப்பினார்களோ, அந்த ஊர்கள் இருபதாம் நூற்றாண்டிலும் சாந்தோமின் பதிவேட்டில் இருந்தன.

சென்னைக்குள்ளேயே பார்க்கலாம். பட்டணத்தின் வடக்கில் ஆர்மீனியன் தெருக் கோவில் பேராயருடையது. அங்கிருந்து நடந்துபோகும் தூரத்தில் போர்ச்சுகீசியர் சர்ச் தெருவில் இருக்கும் மோட்ச ராக்கினி மாதா கோவில் மயிலாப்பூருடையது. பரங்கிமலை உச்சியில் 1523இல் எழுந்த கோவில் போர்த்துக்கீசியர் வழி; அடிவாரத்து ராணுவக் குடியிருப்பில் அயர்லாந்துச் சிப்பாய்களுக்கான புனித பேட்ரிக் கோவில் சென்னை வழி. லஸ்ஸில் காட்டுக்கோவில் என்று மக்கள் சொல்லும் பிரகாச மாதா கோவிலும் அதைச் சுற்றிய மயிலாப்பூரும் சாந்தோமின் கீழ். அடையாற்றைத் தாண்டியதும் எல்ஃபின்ஸ்டன் பூங்காவில் அயர்லாந்துப் பேட்ரிசியன் சகோதரர்களின் அனாதை இல்லம். 1875இல் தொடங்கிய அது பின்னர் இங்கே இடம்பெயர்ந்து, இன்று புனித பேட்ரிக் பள்ளியாக நிற்கிறது. லஸ்ஸிலிருந்து கச்சேரி சாலை வழியாகச் சாந்தோம் வரை நடந்தால் கண்ணில் படும் பழைய கல்லறைக் கற்களில் எழுத்து போர்த்துக்கீசியம். ஆர்மீனியன் தெருவிலோ அயர்லாந்துப் பெயர்கள். ஒரே வேதம், ஒரே லத்தீன் பூசை, ஒரே திருத்தந்தை; ஆனாலும் குருமார் இருவேறு உலகத்தினர்.

ரீட் டா சில்வாவின் பத்தாண்டுகளுக்குச் சாட்சி சாந்தோம் நெடுஞ்சாலையில் வெண்மையாக நிற்கும் பேராலயம். தோமையார் கல்லறையின் மேல் இருந்த பழைய போர்த்துக்கீசியக் கோவிலை இடித்துவிட்டு, ராணுவப் பொறியாளர் கேப்டன் பவர் வரைந்த கோதிக் வடிவத்தில் 1893இல் கட்டத் தொடங்கினார். 1896 ஏப்ரல் 1ஆம் தேதி மந்திரித்து அர்ப்பணித்தார்கள். அரை நூற்றாண்டாகச் செல்லாது என்று சொல்லப்பட்ட ஒரு மேற்றிராசனம், நாங்கள் இருக்கிறோம் என்று கல்லும் சுண்ணாம்பும் கொண்டு சொன்ன பதிலாகவே அந்தக் கட்டடத்தை நான் வாசிக்கிறேன். பழைய கோவிலை இடிக்காமல் விட்டிருக்கலாமே என்ற ஆதங்கமும் எனக்கு உண்டு. முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட நினைவு அந்தச் சுவர்களில் இருந்தது.

அவருக்கு அடுத்து வந்த அந்தோனியோ பரோசோ இரண்டே ஆண்டில் போர்த்துக்கல்லின் போர்ட்டோ நகருக்கு ஆயராகப் போய்விட்டார். பிறகு வந்த வியெய்ரா தெ காஸ்த்ரோ 1899 முதல் 1929 வரை முப்பது ஆண்டு மயிலாப்பூரில் இருந்தார். அவர் காலத்தில்தான் லிஸ்பனில் ஒரு பெரிய மாற்றம். 1910இல் மன்னராட்சி விழுந்தது. வந்த குடியரசு திருச்சபைக்கு நட்பானதே அல்ல. அடுத்த ஆண்டே அரசையும் சபையையும் பிரிக்கும் சட்டம் போட்டது. 1913இல் வத்திக்கானோடு உறவை முறித்தது. தன் நாட்டில் குருக்களை அடக்கிய அந்தக் குடியரசு, கீழ்த்திசைப் பதுரவாதோவை மட்டும் கைவிட மறுத்தது. அந்த உரிமையில் பக்தி ஏதும் மிஞ்சியிருக்கவில்லை. கடல் கடந்த பழைய பெருமையின் மிச்சம்தான் இருந்தது.

1928இல் ஒரு புதிய உடன்பாடு வந்தது. ஒரே இடத்தில் இரண்டு ஆயர்கள் என்ற இரட்டை அதிகாரத்தைக் கலைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். மயிலாப்பூருக்கான ஆளை ரோமாபுரி தேர்ந்து, போர்த்துக்கல் குடியரசுத் தலைவர் மூலம் முன்மொழியச் செய்யும் என்று வைத்துக்கொண்டார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் சிதறிக் கிடந்த கோவில்கள் அந்தந்த ஊர் ஆயர்களிடம் ஒவ்வொன்றாகப் போய்ச் சேர்ந்தன. வங்காளத்துப் பங்குகளும் மெல்லக் கழன்றன. சென்னை உயர்மறைமாவட்டத்துக்கும் அதே 1928இல் மாற்றம்: வடக்கே நெல்லூரும் மேற்கே பெல்லாரியும் பிரிந்தன, அதுவரை இருந்த மில் ஹில் சபையாருக்குப் பதில் சென்னையின் பொறுப்பைச் சலேசியர்கள் ஏற்றார்கள். 1935இல் ஷில்லாங்கிலிருந்து வந்து பேராயரானவர் லூயி மத்தியாஸ், பிரெஞ்சுக்காரர். 1937இல் சாந்தோமுக்கு வந்தவர் மனுவேல் தெ மெதெய்ரோஸ் கெர்ரெய்ரோ, போர்த்துக்கீசியர். சென்னைப் பட்டணத்தில் அருகருகே இருந்த கடைசி இரட்டையர் இவர்கள்.

1947 ஆகஸ்டு 15க்குப் பிறகும் மயிலாப்பூர் மேற்றிராணியாரின் நியமனத்தில் லிஸ்பனுக்குப் பங்கு இருந்தது என்பதை இன்று நம்பக் கடினமாக இருக்கும். கோவாவையே இந்தியாவிடம் விடமாட்டேன் என்று போர்த்துக்கல்லை ஆண்ட சலாசர் அடம்பிடித்த நாட்கள் அவை. இந்திய அரசு 1948இல் வத்திக்கானோடு தூதரக உறவு ஏற்படுத்திக்கொண்டது. அதன் பின் இந்தக் கேள்வி தள்ளிப்போட முடியாததாயிற்று. 1950 ஜூலை 18ஆம் தேதி போர்த்துக்கல் இந்திய யூனியனுக்குள் தன் பதுரவாதோ உரிமைகளைத் துறந்தது. அடுத்த ஆண்டு கெர்ரெய்ரோ ஆண்டவர் ஆப்பிரிக்காவுக்கு, மொசாம்பிக்கின் நம்புலா மறைமாவட்டத்துக்கு மாற்றலாகிப் போனார். அவருக்குப் பின் சாந்தோமில் போர்த்துக்கீசிய மேற்றிராணியார் கிடையாது.

1952 நவம்பர் 13ஆம் தேதி மூன்று ஏற்பாடுகள் ஒன்றாக நடந்தன. மயிலாப்பூரும் சென்னையும் ஒன்றாகிச் சென்னை – மயிலை உயர்மறைமாவட்டம் ஆயின. காவிரிப் படுகைத் துண்டு தனியாகத் தஞ்சாவூர் மறைமாவட்டமாயிற்று. வேலூர் தனி மறைமாவட்டமாயிற்று. மத்தியாஸ் ஆண்டவர் பீடத்தைச் சாந்தோமுக்கு மாற்றினார். ஆர்மீனியன் தெருக் கோவில் இணைப் பேராலயம் என்ற தகுதியோடு நின்றது. 310 ஆண்டுகளுக்கு முன் எஃப்ரேம் சாமியார் வந்து இறங்கியதில் தொடங்கிய வழக்கு அன்றைக்கு முடிந்தது. இரு தரப்பின் மடங்களும் பள்ளிகளும் நிலப் பத்திரங்களும் ஒரே அலுவலகத்துக்கு வந்தன. அதன் பின் மாநகரம் தெற்கிலும் மேற்கிலும் விரிய, தியாகராய நகரிலும் அடையாற்றிலும் குடிவந்த கத்தோலிக்கர்களுக்கு உங்கள் சாமியார் எந்தப் பக்கம் என்ற கேள்வியே எழவில்லை. அந்தக் கேள்வி இல்லாமல் வளர்ந்த முதல் தலைமுறை அவர்கள்தான்.

ஒன்றிணைப்பில் மயிலாப்பூர் இழந்தவற்றில் பெரியது வேளாங்கண்ணி. நாகப்பட்டினம் பிரான்சிஸ்கன் துறவிகளின் பராமரிப்பில் வளர்ந்து, 1771இல் தனிப் பங்காகி, 1952 வரை மயிலை மேற்றிராசனத்துக் கோவிலாகவே இருந்தது அது. 1962இல் அது பசிலிக்கா ஆனபோது தஞ்சாவூர் மறைமாவட்டத்துக்குள் இருந்தது. இன்றும் ஆகஸ்டுக் கடைசியில் சென்னையிலிருந்து காவி உடுத்தி, தேர் இழுத்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்து போகும் கூட்டத்தைப் பார்க்கிறோம். போக முடியாதவர்களுக்கு 1970களில் பெசன்ட் நகர் கடற்கரையில் அன்னை வேளாங்கண்ணி கோவில் எழுந்தது. ஒரு மேற்றிராசனத்தின் இரண்டு துண்டுகள் பிரிந்த பின்னும் மக்களின் கால்கள் பழைய எல்லையையே கடந்து போய் வருகின்றன.

கடைசிப் பெரிய பிரிவினை 2002இல் வந்தது. சென்னை – மயிலையிலிருந்து செங்கல்பட்டு மறைமாவட்டம் உருவாயிற்று. முதல் ஆயர் நீதிநாதன். தோமையாரோடு மரபு இணைத்துப் பேசும் இடங்கள் மூன்று: அவர் ஒளிந்திருந்ததாகச் சொல்லும் சின்னமலைக் குகை, உயிர்விட்டதாகச் சொல்லும் பரங்கிமலை, புதைக்கப்பட்டதாகச் சொல்லும் சாந்தோம். போர்த்துக்கீசியர் காலம் முதல் இவை மூன்றும் ஒரே மேற்றிராணியாரின் கீழ் இருந்தன. 1606இல் மேற்றிராசனம் அமைந்ததற்கே இந்த மரபுதான் காரணம். 2002 முதல் பரங்கிமலை செங்கல்பட்டு ஆயரின் ஆளுகையில்; சின்னமலையும் சாந்தோமும் சென்னை – மயிலையில். மக்கள்தொகையும் பங்குகளின் எண்ணிக்கையும் பெருகிவிட்ட மாநகரில் நிர்வாகத்துக்கு அது தேவையான பிரிவினைதான். யாரும் யாரையும் சிறைபிடிக்கவில்லை, ஒருவர் வைத்த பூசையை இன்னொருவர் பழிக்கவில்லை. ஜூலை 3ஆம் தேதி தோமையார் திருநாளில் மக்கள் இரு எல்லையிலும் கூடுகிறார்கள்.

தஞ்சைப் பக்கம் போன துண்டின் கதையை இங்கே வேண்டுமென்றே சுருக்கிவிட்டேன். டச்சுக்காரர் காலத்து நாகப்பட்டினம், மராத்திய மன்னர்களின் தஞ்சாவூர், அதே படுகையில் எதிரெதிரே நின்ற கும்பகோணம் பிரெஞ்சுச் சாமிமார் என்று அதற்குத் தனி இதழே வேண்டும். அடுத்த வாரம் அங்கே போவோம்.